வேகஸில் நான்கு நாள், தனி ஆளாக

பெல்லாஜியோ ஹோட்டல் வாசலில் நின்றால் எதிர்ச்சாரியில் பாரிஸ் ஹோட்டலின் ஐஃபல் கோபுரம் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். இதோ இருக்கிறதே என்று கிளம்பினால், ஏரியைச் சுற்றி, கூட்டத்தை விலக்கி, சாலையைத் தாண்டி அங்கே போய்ச் சேரக் கால் மணி நேரம் ஆகிவிடும். லாஸ் வேகஸுக்கு முதல்முறை வருகிறவர்களின் திட்டம் கவிழ்வது பெரும்பாலும் இங்கேதான். சூதாட்டத்தில் பணம் போய்விடுமோ என்ற பயத்தோடு வருவார்கள். ஆனால் பணத்துக்கு முன்னால் தீர்ந்துபோவது கால் பலமும் பகல் நேரமும்.

தனியாக வருகிறவருக்கு இந்த ஊர் தோதுப்படாது என்று சொல்கிறவர்கள் உண்டு. அறை வாடகை இரண்டு பேரை மனதில் வைத்துப் போட்டது, உணவுத் தட்டு இரண்டு பேர் வயிற்றுக்கு அளந்தது, எங்கே திரும்பினாலும் கும்பல் கும்பலாக நண்பர்கள், கல்யாணக் கோஷ்டிகள். அதெல்லாம் உண்மைதான். ஆனாலும் தனி ஆளுக்கு இங்கே கிடைக்கும் வசதி வேறெந்தக் கேளிக்கை ஊரிலும் கிடைக்காது. ஊர் தூங்கும் விடியற்காலையில் எழுந்து வெளியே போகலாம். நடுப்பகலில் யாரிடமும் கேட்காமல் அறைக்குத் திரும்பித் தூங்கலாம். நிகழ்ச்சி அரங்கில் நல்ல வரிசையில் மிஞ்சிக் கிடக்கும் ஒற்றை இருக்கையில் போய் உட்காரலாம். வேகஸை மணிக்கணக்கில் பிரித்து வைத்துக்கொள்ளத் தெரிந்தவருக்கு நான்கு நாள் தாராளம்.

முதலில் ஊரின் அமைப்பு. உலகம் வேகஸ் என்று சொல்லும் 'ஸ்ட்ரிப்' உண்மையில் லாஸ் வேகஸ் நகர எல்லைக்குள்ளேயே இல்லை. லாஸ் வேகஸ் புலவார்ட் என்ற சாலையில், தெற்கே மாண்டலே பேயிலிருந்து வடக்கே சஹாரா வரை சுமார் 6.8 கிலோமீட்டர் நீளும் இந்தப் பகுதி, பாரடைஸ் முதலான தனி ஊர்ப்பகுதிகளில், கிளார்க் கவுன்டி என்ற மாவட்டத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது. 1905-இல் ரயில் கம்பெனி மனை ஏலம் போட்டுத் தொடங்கிய பழைய நகரம் இன்னும் வடக்கே, ஃப்ரீமான்ட் தெருவைச் சுற்றி. 1931-இல் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கிய பிறகு, நகர எல்லைக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரமாக 1941-இல் எழுந்த எல் ராஞ்சோ வேகஸ்தான் ஸ்ட்ரிப்பின் முதல் ஹோட்டல். நெடுஞ்சாலைக்காக வளர்ந்த ஊர் என்பதால் கட்டடங்கள் காருக்கு ஏற்ற அளவில் இருக்கின்றன. எம்ஜிஎம் கிராண்டில் மட்டும் சுமார் 5,000 அறைகள். லிஃப்ட்டிலிருந்து இறங்கி கேசினோ தளத்தைக் கடந்து நடைபாதையை மிதிக்கவே பத்து நிமிடம் பிடிக்கும்.

முக்கியச் சந்திப்புகளில் சாலையைத் தரைவழியாகக் கடக்க முடியாது. தடுப்புச் சுவர் கட்டி, மேலே நடைமேம்பாலம் போட்டிருக்கிறார்கள். எஸ்கலேட்டரில் ஏறி, பாலத்தைக் கடந்து, மறுபடி இறங்க வேண்டும். எஸ்கலேட்டர் பழுதாகி நிற்பதும் சகஜம். அருகில் லிஃப்ட் இருக்கும், ஆனால் மெதுவாகத்தான் வரும். இந்தப் பாலங்களின் மேல் நின்று படம் எடுக்கத் தோன்றும், எடுக்காதீர்கள். 2024 ஜனவரி முதல் பாலத்தில் நிற்பதே குற்றம் என்று கவுன்டி சட்டம் கொண்டுவந்துவிட்டது. 1,000 டாலர் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க அதில் இடம் இருக்கிறது. போலீஸ் பெரும்பாலும் நகரச் சொல்வதோடு விட்டுவிடும் என்றாலும், விசாவில் வந்திருப்பவர் அந்தப் பரீட்சையில் இறங்க வேண்டாம்.

ஒரு நாளைக்கு 20,000 காலடி நடப்பது இங்கே சாதாரணம். புதுச் செருப்பு, புதுக் காலணி இரண்டும் வேண்டாம். ஏற்கெனவே காலுக்குப் பழகியதைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் நாளே கொப்புளம் போட்டு அறையில் முடங்குகிறவர்கள் ஏராளம்.

அறை எடுக்கும்போது ஊரின் நடுவில் எடுங்கள்: பெல்லாஜியோ, ஃபிளமிங்கோ, லிங்க், ஹாராஸ், பாரிஸ் இருக்கும் சுற்றுவட்டாரம். கடைக்கோடியில் இரவுக்கு 20 டாலர் குறைவாகக் கிடைக்கும் அறை, போகவர வண்டிச் செலவில் அதை விழுங்கிவிடும். விளம்பரத்தில் போட்டிருக்கும் வாடகை முழு வாடகை ஆகாது. ஏறக்குறைய எல்லா ஹோட்டல்களும் 'ரிசார்ட் கட்டணம்' என்று இரவுக்கு 35 முதல் 55 டாலர் வரை தனியாக வசூலிக்கின்றன. அதற்கும் சேர்த்து 13 சதவீதத்துக்குச் சற்று மேல் வரி. 60 டாலர் அறை என்று எடுத்துக்கொள்வோம். ரிசார்ட் கட்டணம் 45 சேர்த்தால் 105, வரியோடு 119. ஏறக்குறைய இரட்டிப்பு. இரண்டு பேர் என்றால் பாதியாகப் பிரியும், தனி ஆள் முழுதும் சுமக்க வேண்டும். 2025 மே மாதத்திலிருந்து அமெரிக்க மத்திய விதிப்படி கட்டாயக் கட்டணங்களையும் சேர்த்த விலையைத்தான் முதலிலேயே காட்ட வேண்டும்; வரியையும் சேர்த்துக் காட்டும்படி அந்த விதி கட்டாயப்படுத்தவில்லை, ஆகவே கடைசிப் பக்கம் வரை போய்த் தொகையைப் பார்த்த பிறகே ஒப்பிடுங்கள். சில பழைய நகர ஹோட்டல்களில் ரிசார்ட் கட்டணமே கிடையாது.

ஞாயிறு முதல் வியாழன் வரை வாடகை இறங்கும், வெள்ளி சனி எகிறும். ஜனவரியில் மின்னணுப் பொருட்காட்சியும் நவம்பரில் ஃபார்முலா ஒன் பந்தயமும் நடக்கும் வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். பந்தய வாரத்தில் வாடகை மட்டுமா, சாலையோரம் முழுக்கத் தடுப்புகளும் நிற்கும்.

வரவேற்பு மேசையில் இன்னொரு விஷயம் காத்திருக்கும். அறைச் சேதம், மினிபார் செலவுக்கென்று இரவுக்கு 50, 100 டாலர் என்று அட்டையில் ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். கிரெடிட் கார்டு என்றால் வரம்பில் குறையும், அவ்வளவுதான். டெபிட் கார்டோ இந்தியாவிலிருந்து பணம் ஏற்றி எடுத்துவந்த ஃபாரெக்ஸ் கார்டோ என்றால் உண்மையான பணமே முடங்கிப்போகும். அறையைக் காலி செய்த பிறகும் அது விடுபட ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். தனியாக வந்தவருக்குக் கைமாற்று கேட்க ஆள் இல்லை. ஹோட்டலுக்கு ஒரு கிரெடிட் கார்டு, செலவுக்கு வேறு அட்டை என்று பிரித்து வையுங்கள். மினிபாரில் இருக்கும் எதையும் கையில் எடுத்துப் பார்க்கவே வேண்டாம். பல ஹோட்டல்களில் தட்டுக்கு அடியில் உணரி இருக்கிறது, எடுத்துச் சில விநாடிகளில் கணக்கில் ஏறிவிடும். உங்கள் தண்ணீர் பாட்டிலை வைக்க இடம் செய்வதற்காக நகர்த்தினாலும் அப்படித்தான். ஏறிவிட்டால் காலி செய்வதற்கு முன் கீழே போய்ச் சொன்னால் நீக்கித் தருவார்கள்.

ஹாரி ரீட் விமான நிலையம் ஸ்ட்ரிப்பை ஒட்டியே இருக்கிறது. டாக்சியில் ஏறினால் ஸ்ட்ரிப் ஹோட்டல்களுக்கு மண்டலவாரியாக நிர்ணயித்த ஒரே கட்டணம்தான். முன்பு சில ஓட்டுநர்கள் சுரங்க வழியாக நெடுஞ்சாலைக்குப் போய்ச் சுற்றி மீட்டரை ஏற்றுவார்கள், இந்த நிர்ணயக் கட்டணம் வந்ததும் அந்தச் சுற்றலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஏறியதும் எந்த மண்டலம், எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஊபர், லிஃப்ட் (Lyft) போன்ற செயலி வண்டிகள் முனையத்தின் வாசலுக்கு வராது. வாகன நிறுத்தக் கட்டடத்துக்குள் போய் ஏற வேண்டும். ஹோட்டல்களிலும் இப்படித்தான், பின்பக்கத்தில் எங்கோ ஒரு மூலையில் ஏறுமிடம் இருக்கும். முதல் நாளே அது எங்கே என்று பார்த்து வைத்தால், நிகழ்ச்சிக்கு அவசரமாகக் கிளம்பும்போது அல்லாட வேண்டியிருக்காது.

ஊருக்குள் சுற்ற 'டியூஸ்' என்ற இரட்டை மாடிப் பேருந்து நாள் முழுக்க ஓடுகிறது. தெற்கிலிருந்து ஸ்ட்ரிப் வழியாக ஃப்ரீமான்ட் தெரு வரை போகும். 24 மணி நேரச் சீட்டு 8 டாலர் அளவில். செயலியில் வாங்கலாம், நிறுத்தத்தில் இருக்கும் இயந்திரத்திலும் வாங்கலாம். மாலை ஆறு மணிக்கு மேல் ஸ்ட்ரிப்பில் பேருந்து ஊர்ந்துதான் போகும், அப்போது கிழக்குச் சாரி ஹோட்டல்களின் பின்னால் ஓடும் மோனோரயில்தான் உருப்படியானது. சஹாராவிலிருந்து எம்ஜிஎம் கிராண்ட் வரை ஏழு நிலையங்கள். பெரும்பாலான நிலையங்கள் ஹோட்டலின் பின்கோடியில் இருப்பதால், சாலையிலிருந்து கேசினோவைக் குறுக்காகக் கடந்து போக ஐந்து முதல் பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஹோட்டலுக்கும் அடுத்த ஹோட்டலுக்கும் இடையே போக மோனோரயில் வீண், நடப்பதே வேகம். விமான நிலையத்துக்கும் அது போகாது. மேற்குச் சாரியில் இலவச ட்ராம் இரண்டு உண்டு: ஒன்று மாண்டலே பே, லக்ஸர், எக்ஸ்காலிபரை இணைப்பது, இன்னொன்று பார்க் எம்ஜிஎம்மிலிருந்து ஆரியா வழியாக பெல்லாஜியோ பக்கம் போவது. பழைய வழிகாட்டிகளை நம்பிப் போகாதீர்கள். மிராஜ் ஹோட்டலும் அதன் எரிமலையும் 2024 ஜூலையோடு மூடியாயிற்று. டிராபிகானாவை அதே ஆண்டு அக்டோபரில் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

இனி நேரக் கணக்கு. மே கடைசி முதல் செப்டம்பர் வரை வெயில் மண்டையைப் பிளக்கும். ஜூலையில் 40 டிகிரிக்கு மேல் போவது வழக்கம். 2024 ஜூலை 7 அன்று பதிவான 48.9 டிகிரிதான் இந்த ஊரின் உச்சம். சென்னை வெயிலுக்குப் பழகியவர்களுக்கு இது வேறு மாதிரி ஏமாற்று. அங்கே வியர்த்து ஊற்றும், உடம்பே எச்சரிக்கும். இங்கே காற்றில் ஈரமே இல்லாததால் வியர்வை வந்த சுவடு தெரியாமல் காய்ந்துபோகும். தாகம் தெரிவதற்குள் தலைவலி வந்துவிடும். உதடு வெடிக்கும், சிலருக்கு மூக்கில் ரத்தமும் வரும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் மணிக்கு அரை லிட்டராவது குடியுங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்ததே, உப்புச் சுவை கொஞ்சம் இருக்கும். உள்ளே ஏசியோ குளிர்காலம் போல் இருக்கும், ஒரு மெல்லிய மேல்சட்டை பையில் இருக்கட்டும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் நிஜமாகவே ஸ்வெட்டர் வேண்டும்.

ஆகவே காலை ஆறு முதல் பத்து வரை வெளியே, பதினொன்று முதல் நான்கு வரை உள்ளே அல்லது தூக்கம், மாலை ஐந்து முதல் நள்ளிரவு வரை மறுபடி வெளியே. இந்தியாவிலிருந்து வந்து நேர மாற்றத்தால் அதிகாலை நான்கு மணிக்கே விழிப்புத் தட்டுகிறவருக்கு இது வரப்பிரசாதம்.

அந்த விடியற்காலையில் போக வேண்டிய இடம் 'வெல்கம் டு ஃபேபுலஸ் லாஸ் வேகஸ்' பலகை. பெட்டி வில்லிஸ் என்ற பெண் 1959-இல் வடிவமைத்தது. ஊருக்குத் தன் அன்பளிப்பு என்று காப்புரிமையே வாங்காமல் விட்டார். அதனால்தான் உலகத்துச் சாவிக்கொத்திலெல்லாம் அது தொங்குகிறது. மாண்டலே பேயிலிருந்து தெற்கே கால் மணி நேர நடை, டியூஸ் பேருந்தும் நிற்கும். பலகையின் முகப்பு தெற்கு நோக்கியது, ஆகவே காலை வெளிச்சம் படத்துக்கு ஏற்றது. எட்டு மணிக்கு முன்னால் வரிசை சிறியது. வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பவர்களை நீங்கள் எடுங்கள், உங்களைப் பின்னால் நிற்பவர் எடுப்பார். தனி ஆள் இங்கே செல்ஃபி குச்சி தூக்கத் தேவையில்லை. வேடம் போட்டுக்கொண்டு 'நான் எடுத்துத் தருகிறேன்' என்று வருகிறவர் காசு கேட்பார், அது தெரிந்து கொடுங்கள். அங்கிருந்து திரும்பும் வழியில் ஃபிளமிங்கோ ஹோட்டலின் உள்தோட்டத்தில் இளஞ்சிவப்பு பூநாரைகளைப் பார்க்கலாம், இலவசம்தான். பெல்லாஜியோவின் உள்பூந்தோட்டமும் அப்படியே. ஆண்டுக்கு ஐந்து முறை மொத்தமாக மாற்றி அமைப்பார்கள். மாற்றும் வாரத்தில் போனால் திரைதான் தெரியும், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டமில்லாத காலை ஏழு மணிக்குப் பூ வாசனை கூடம் வரைக்கும் வரும்.

பெல்லாஜியோ நீரூற்றைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊரின் தலைசிறந்த காட்சி, அதுவும் இலவசம். 1998 அக்டோபரிலிருந்து ஆடுகிறது. எட்டரை ஏக்கர் ஏரி, 1,200-க்கும் மேற்பட்ட நீர்த்தாரைகள். ஒருமுறை பார்த்துவிட்டு நகர்ந்துவிடாமல் மூன்று நான்கு முறை, வெவ்வேறு இடத்தில் நின்று பாருங்கள். 'ஓர்ஸ்மென்' என்று அழைக்கப்படும் தாரைகள் கழுத்தைத் திருப்பித் திருப்பி ஆடும். தண்ணீர் வளைந்து நெளிவது இவற்றால்தான். 'ஷூட்டர்' வகைத் தாரைகள் அழுத்திய காற்றால் தண்ணீரை ஒரே உதையில் மேலே எறியும். அவற்றில் பெரியவை 140 மீட்டர் வரை போகும். கரைக் கைப்பிடியில் நின்றால், தண்ணீர் எழும்புவதற்கு ஒரு கணம் முன்னால் பீரங்கி போல ஒரு 'டம்' கேட்கும், அது நெஞ்சில் அதிரும். பிறகு மேலே போன தண்ணீர் மொத்தமாக ஏரியில் விழும் சத்தம், கோடைமழை தகரக் கூரையில் இறங்குவது போல. இந்த இரண்டு சத்தங்களும் வீடியோவில் வராது.

வாரநாட்களில் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கி அரை மணிக்கு ஒருமுறை, மாலை ஏழுக்கு மேல் நள்ளிரவு வரை கால் மணிக்கு ஒருமுறை. சனி, ஞாயிறு முன்னதாகவே தொடங்கும். காற்று பலமாக அடித்தால் தண்ணீர் சாலைக்குச் சிதறும் என்பதால் நிறுத்திவிடுவார்கள். வசந்தகாலத்தில் இது அடிக்கடி நடக்கும். ஆகவே கடைசி இரவுக்கென்று ஒத்திப்போடாதீர்கள். ஏரியின் நடுப்பகுதிக் கைப்பிடியில் கூட்டம் நெரியும். ஒரு காட்சி முடிந்ததும் முன்வரிசை கலையும், அந்த இடைவெளியில் தனி ஆள் நுழைய ஒரு முழம் இடம் போதும். அங்கேயே நின்று அடுத்த இரண்டையும் பார்த்துவிடலாம்.

உருண்டை வடிவ நிகழ்ச்சி அரங்கமான ஸ்பியர் 2023 செப்டம்பரில் திறந்தது. 111 மீட்டர் உயரம், 157 மீட்டர் அகலம். வெளியுருண்டை முழுதும் மின்திரை. அதை வெளியிலிருந்து பார்க்கக் காசில்லை. பக்கத்தில் போய் நின்றால் திரை வெறும் பொட்டுப் பொட்டான விளக்குகளாகச் சிதறிவிடும், நூறு இருநூறு மீட்டர் தள்ளி நின்றால்தான் உருவம் சேரும். உள்ளே போவதாக இருந்தால் இருக்கை எண்ணைக் கவனியுங்கள். கீழ்த்தளத்தில் பின்வரிசை வாங்கினால் மேல்மாடத்தின் அடிப்பாகம் தலைக்குமேல் கூரையாக வந்து திரையின் மேல்பாதியை மறைத்துவிடும். விலை கூடுதல் என்பதால் அது நல்ல இடம் என்று நினைத்து ஏமாறுவார்கள். 300, 400 வரிசை மாடங்களின் நடுப்பகுதி போதும். படிக்கட்டு செங்குத்து, தலைச்சுற்றல் உள்ளவர்கள் ஓரத்து இருக்கை பார்க்க வேண்டும். ஹை ரோலர் ராட்டினம் 167 மீட்டர், ஒரு சுற்று அரை மணி நேரம். பகல் சீட்டு மலிவு. ஆனால் பொழுது சாயும் நேரம் பார்த்து ஏறினால் ஒரே சுற்றில் மலைகளும் தெரியும், விளக்குகளும் எரியத் தொடங்கும்.

மேடை நிகழ்ச்சிகளில் ஒன்றே ஒன்றுக்குத்தான் காசு என்றால் பெல்லாஜியோவில் நடக்கும் சர்க் டு சொலே என்ற சர்க்கஸ் குழுவின் 'ஓ'. மேடையே ஒரு குளம், சுமார் 57 லட்சம் லிட்டர் தண்ணீர். தரை எழும்பி நடக்கும் மேடையாகும், மறுகணம் அதே இடத்தில் உயரத்திலிருந்து குதிப்பார்கள். இரண்டிரண்டாக விற்றுத் தீர்ந்த பிறகு நடுவரிசையில் ஒற்றை இருக்கைகள் அங்கங்கே மிஞ்சும். இணையத்தில் 'ஒரு இருக்கை' என்று தேடினால்தான் அவை தெரியும். காட்சி நாளில் நேரே கவுன்டரில் போய்க் கேட்டாலும் கிடைப்பதுண்டு. எந்த நிகழ்ச்சிக்கும் வாரத்தில் சில நாள் விடுமுறை உண்டு, அதை இங்கே 'டார்க்' என்பார்கள். விமானச் சீட்டு போடும் முன்பே அதைப் பாருங்கள். அரைவிலைச் சீட்டுக் கடைகளும் இருக்கின்றன, நம்பலாம். நடைபாதையில் கூப்பிட்டு 'இலவசச் சீட்டு' தருகிறேன் என்பவர்கள் வேறு ரகம். விடுமுறை வீட்டுப் பங்கு விற்கும் கூட்டத்தில் இரண்டு மூன்று மணி நேரம் உட்கார வைப்பார்கள். நான்கு நாளில் அரை நாளை அதற்குக் கொடுப்பது தண்டம்.

ஒரு மாலையை முழுதாகப் பழைய நகரத்துக்கு ஒதுக்குங்கள். ஸ்ட்ரிப்பை விட இதுவே எனக்கு ஒரு படி மேல். முதலில் நியான் மியூசியம். பழைய ஹோட்டல்களிலிருந்து கழற்றிய 200-க்கும் மேற்பட்ட விளக்குப் பலகைகளைத் திறந்தவெளியில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நுழைவுக்கூடமே 1961-இல் பால் வில்லியம்ஸ் வடிவமைத்த லா கோஞ்சா விடுதியின் சிப்பி வடிவ முகப்பு. பெயர்த்து எடுத்து வந்து மறுபடி பொருத்தியது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு எழுத்தும் ஆள் உயரத் தகரப்பெட்டி. பெயின்ட் பொருக்காக உரிந்திருக்கும், பல்பு கழன்ற ஓட்டைகள் வரிசை வரிசையாக, ஓரமெல்லாம் பாலைவன வெயிலில் வெளுத்த துரு. ஸ்டார்டஸ்ட் எழுத்துகள் அங்கே இருக்கின்றன. பெட்டி வில்லிஸின் கைவண்ணமான மூலான் ரூஜ் பலகையும் உண்டு. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து தங்கவும் ஆடவும் இடம் தந்த ஊரின் முதல் பெரிய கேசினோ ஹோட்டல் அது. 1955 மே மாதம் திறந்து அந்த ஆண்டே மூடிவிட்டது. இரவுச் சீட்டுகள் சில நாட்கள் முன்பே தீர்ந்துவிடும், இருட்டும் நேரத்துச் சீட்டை முதலிலேயே எடுத்துவிடுங்கள். அங்கிருந்து ஃப்ரீமான்ட் தெரு ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான் என்றாலும் இரவில் தனியாக நடக்க ஏற்ற சாலை இல்லை. வண்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரீமான்ட் தெருவின் மேலே சுமார் 420 மீட்டர் நீளத்துக்கு மின்திரைக் கூரை. மாலை ஆறு முதல் மணிக்கு ஒருமுறை காட்சி. கோல்டன் நகெட் ஹோட்டலுக்குள் நுழைந்து ஆஸ்திரேலியாவில் 1980-இல் கிடைத்த 27 கிலோ தங்கக்கட்டியைப் பாருங்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, இலவசம். மாஃபியா கும்பல்களின் கதையைச் சொல்லும் மாப் மியூசியம் 1933-இல் கட்டிய தபால் நிலைய, நீதிமன்றக் கட்டடத்தில் இருக்கிறது. 1950-இல் செனட்டர் கீஃபாவர் குழு மாஃபியாக்களை விசாரித்த அதே கூடத்தில் நீங்கள் உட்காரலாம். கூரை முடிந்து கிழக்கே சில தெருக்கள் தாண்டினால் கூட்டம் மெலிந்துவிடும், அங்கிருந்து திரும்பிவிடுங்கள். ஃப்ரீமான்ட்டுக்கும் ஸ்ட்ரிப்புக்கு வடக்கே நிற்கும் ஸ்ட்ராட் கோபுரத்துக்கும் இடைப்பட்ட சாலையிலும் இரவில் நடை வேண்டாம்.

சூதாட்டம். ஆடித்தான் பார்ப்பேன் என்றால் பலகையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பிளாக்ஜாக் மேசையில் '3க்கு 2' என்றால் 15 டாலர் வைத்தவருக்கு பிளாக்ஜாக், அதாவது முதல் இரண்டு சீட்டிலேயே 21, விழும்போது 22.50 கிடைக்கும். '6க்கு 5' என்றால் 18 மட்டும். பிளாக்ஜாக் சுமார் 21 ஆட்டத்துக்கு ஒருமுறை விழும். மணிக்கு 70 ஆட்டம் என்றால் மூன்று முறை சொச்சம், ஆக இந்த ஒரு விதியிலேயே மணிக்கு 15 டாலர் கழன்றுவிடுகிறது. ஸ்ட்ரிப்பில் குறைந்த பந்தய மேசைகள் பெரும்பாலும் 6க்கு 5 ரகம். ரூலெட்டில் இரட்டைப் பூஜ்யச் சக்கரம் கேசினோவுக்கு 5.26 சதவீதம் எடுக்கும், மூன்று பூஜ்யம் உள்ளது 7.69. பத்துப் பத்து டாலராக நாற்பது சுற்று ஆடினால் சராசரியாக 21 டாலருக்குப் பதில் 31 டாலர் போகும், அதே சிவப்புக் கறுப்புக்கு. கூட வந்தவர் இருந்தால் கையைப் பிடித்து இழுப்பார். தனி ஆளுக்கு அந்த வேலையைப் பணப்பைதான் செய்ய வேண்டும். இன்றைக்கு இவ்வளவு என்று ரொக்கமாக எடுத்துக்கொண்டு அட்டைகளை அறைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு இறங்குங்கள். கேசினோ ஏடிஎம் ஒருமுறை எடுக்கவே பத்து டாலர் அளவுக்குக் கட்டணம் பிடுங்கும். 21 வயதுக்குக் குறைந்தவர் கேசினோ தளத்தில் நின்று வேடிக்கை பார்க்கவும் கூடாது. இளமுகமாக இருந்தால் பாஸ்போர்ட் கேட்பார்கள். புகை பெரிய தொல்லை. பார்க் எம்ஜிஎம் மட்டும் முழுக்கப் புகையில்லாத கேசினோ. கஞ்சா மாநிலச் சட்டப்படி கடையில் விற்கிறது, ஆனால் மத்தியச் சட்டப்படி இன்னும் குற்றம். விசாவில் இருப்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

சாப்பாட்டில் தனி ஆளுக்கு ஒரு சலுகை: நல்ல உணவகங்களில் மேசைக்கு ஒரு வாரம் முன்பே பதிய வேண்டியிருக்கும், ஆனால் பார் கவுன்டரில் ஒற்றை நாற்காலி உடனே கிடைக்கும், அதே பட்டியல்தான். சைவக்காரர்கள் 'வெஜிடேரியன்' என்பதோடு நிறுத்தாதீர்கள். சூப்பில் கோழிச்சாறு, மெக்சிகன் பீன்ஸில் பன்றிக்கொழுப்பு சேர்வதுண்டு. 'வீகன்' என்று சொன்னால் சமையலறைக்குப் புரியும், பால் வேண்டுமென்றால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். வின், என்கோர் ஹோட்டல்களின் உணவகங்களில் வீகன் பட்டியல் கேட்டால் தனியாகத் தருவார்கள். ஸ்ட்ரிப்புக்கு மேற்கே ஸ்பிரிங் மவுன்டன் சாலையில் சைனாடவுன் இருக்கிறது, சோறும் நூடுல்ஸும் ஸ்ட்ரிப் விலையில் பாதிக்குக் கிடைக்கும். தண்ணீர், பழம், தயிரை மருந்துக்கடைச் சங்கிலிகளில் வாங்குங்கள், ஹோட்டல் கடையில் வாங்கினால் கையைக் கடிக்கும். சாப்பாட்டுக்கு 18 முதல் 20 சதவீதம், கொண்டுவரும் பானத்துக்கு ஒரு டாலர் இரண்டு டாலர் என்று டிப்ஸ் கொடுப்பது இங்கே வழக்கம், ஊழியர்களின் வருமானத்தில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு டாலர் நோட்டுகள் இருபதாவது மாற்றி வையுங்கள்.

கடைசியாக, ஊருக்கு வெளியே ஒரு நாள். ரெட் ராக் கேன்யன் மேற்கே 27 கிலோமீட்டர்தான். 21 கிலோமீட்டர் ஒருவழிச் சுற்றுச்சாலை. அக்டோபர் முதல் மே வரை, காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை காரில் நுழைய நேரம் குறித்த முன்பதிவு கட்டாயம். இங்கே தனிப் பயணிகள் செய்யும் தப்பு, ஊபரில் போய் இறங்குவது. போவது சுலபம், திரும்ப வண்டி கூப்பிட சிக்னல் இருக்காது. ஒரு நாள் வாடகைக் கார் எடுங்கள், அல்லது சுற்றுலா வண்டியில் போங்கள். கார் எடுத்தவர்கள் வழியில் சம்மர்லினில் உள்ள இந்துக் கோயிலையும் பார்த்துவிடலாம். ஹூவர் அணை தென்கிழக்கே 50 கிலோமீட்டர் சொச்சம், அரை நாள் போதும். 221 மீட்டர் உயரம், 1935-இல் ரூஸ்வெல்ட் அர்ப்பணித்தது. அணைக்குள் ஆழமாகக் கூட்டிப்போகும் சுற்றுக்கான சீட்டு நேரில் முதலில் வருகிறவர்க்கே, ஆகவே காலை திறக்கும்போதே நில்லுங்கள்.

கிராண்ட் கேன்யனுக்கு ஒரு நாளில் போய்வரலாம் என்று விற்கும் பயணங்களில் பெயரைக் கவனியுங்கள். 'வெஸ்ட்' என்பது ஹுவாலப்பாய் பழங்குடியினரின் நிலம், இரண்டரை மணி நேரப் பாதை, கண்ணாடி நடைபாதை அங்கேதான். தேசியப் பூங்காவான 'சவுத் ரிம்' 450 கிலோமீட்டர், ஒருவழிக்கே நாலரை மணி நேரம். விடியற்காலை கிளம்பினால் இரவு ஒன்பதுக்குத்தான் திரும்புவீர்கள். படங்களில் நீங்கள் பார்த்த பள்ளத்தாக்கு பெரும்பாலும் சவுத் ரிம்தான். அதற்கு ஒரு நாள் முழுதும் வண்டியில் கழிந்தாலும் தகும். குளிர்காலத்தில் அரிசோனா ஒரு மணி நேரம் முந்தி ஓடும், கோடையில் நெவாடாவோடு ஒன்றாக இருக்கும். ஹூவர் அணையில் நெவாடா பக்கக் கோபுரத்தில் ஒன்று, அரிசோனா பக்கக் கோபுரத்தில் ஒன்று என்று இரண்டு கடிகாரங்கள் இருப்பதற்கு அதுதான் காரணம். குளிர்காலத்தில் வண்டி திரும்பும் நேரத்தைக் கேட்கும்போது எந்த மாநிலத்து நேரம் என்றும் சேர்த்துக் கேளுங்கள்.